வீடுதோறும் அளந்தவர்

தேம்சு ஆற்றின் இரு கரையிலும் பரந்து கிடந்த இலண்டன் மாநகர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் பெருநகரங்களுள் தலைமை பெற்று விளங்கியது. 1801ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதன்முதலாகக் குடிக்கணக்கு எடுத்தபோது அந்நகரில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். சோலை சூழ்ந்த பெருமாளிகைகள் ஒருபுறம். கதிரவன் ஒளி புகாத முட்டுச்சந்துகள் மற்றொருபுறம். இடையே கடைகளும், கிடங்குகளும், பட்டறைகளும் நெருங்கி நின்றன. அத்தகைய நகரத்தின் ஒவ்வொரு வீட்டையும் அளந்து, படமாக வரைந்து, செப்புத் தகடுகளிற் பொறித்து வெளியிட ஒருவர் முற்பட்டார். அவருக்குப் பின்னே அரசின் ஆணை இல்லை, பெருஞ்செல்வமும் இல்லை. அவரே ரிச்சர்டு ஹார்வுடு என்னும் நிலவளவையாளர்.

ஹார்வுடு 1758ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். அளவைத் தொழிலைக் கற்று அதனாலே வாழ்க்கை நடத்தினார். அக்காலத்தில் அத்தொழிலாளர் பெரும்பாலும் பண்ணை நிலங்களுக்கு எல்லை வரையறுத்துக் கொடுத்துக் கூலி பெறுவர். எத்தனையோ பேர் அவ்வாறு அளந்து, அவ்வாறே மறைந்தனர். ஹார்வுடின் பெயர் நிலைத்தது அவர் ஏற்றுக்கொண்ட ஒரே பணியினாலேயாம்.

இலண்டனுக்கு முன்னரே நிலப்படங்கள் இருந்தன. 1666ஆம் ஆண்டு மூண்ட பெருந்தீயில் 13,200 வீடுகள் எரிந்து சாம்பராயின. எரிந்த நகரம் மீண்டும் எழுந்தபோது, ஓகில்பி, மார்கன் என்னும் இருவர் பெயரால் 1676ஆம் ஆண்டில் ஒரு பெரிய படம் வெளிவந்தது. ஆயினும் அது நகரத்தின் பழைய நடுப்பகுதியை மட்டுமே காட்டியது. பின்னர்ப் பிரெஞ்சு மரபினராகிய சான் ரோக் என்பவர் 1746ஆம் ஆண்டில் 24 தாள்களில் ஓர் அரிய படம் வெளியிட்டார். தெருக்களையும் சந்துகளையும் அவர் நன்கு காட்டினார். ஆயின், தெருக்களுக்கு இடைப்பட்ட வீட்டுத் தொகுதிகளை வெறும் புள்ளிகளால் நிரப்பிவிட்டார். ஒரு வீடு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை அப்படத்தில் காணல் இயலாது. அது குறையன்று, அவர் எடுத்துக்கொண்ட நோக்கம் அவ்வளவே.

காலம் மாறிற்று, தேவையும் மாறிற்று. முன்னாளில் இலண்டன் வணிகர் தத்தம் கடைவாயிலில் சிங்கம், கிளி, திறவுகோல் முதலிய உருவம் எழுதிய பலகைகளைத் தொங்கவிட்டு, அவற்றால் தம் இருப்பிடத்தை உணர்த்தினர். 1760களில் அப்பலகைகள் அகற்றப்பட்டன. 1765ஆம் ஆண்டுச் சட்டம் தெருப்பெயர் எழுதவும் வீட்டுக்கு எண் இடவும் வழி செய்தது. எண் பெற்ற வீட்டைப் படத்திலும் காட்டவேண்டும் என்னும் எண்ணம் எழுதற்கு அதுவே அடிப்படையாயிற்று.

தீக்காப்புச் சங்கங்களும் அந்நாளில் செழித்து வளர்ந்தன. வீட்டுக்காரர் ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்துவர். வீடு எரிந்தால் சங்கத்தார் ஈடு கொடுப்பர். காப்புப் பெற்ற வீட்டின் முகப்பில் அச்சங்கத்தின் இலச்சினை பொறித்த ஈயத் தகடு அறையப்பட்டிருக்கும். தீயணைக்கும் ஆட்களையும் பொறிகளையும் சங்கத்தாரே வைத்திருந்தனர். அவர்களுக்கு ஒரு வீட்டின் விலையை அறிதல் மட்டும் போதாது. அதன் பக்கத்தில் இருப்பது யாது என்பதையும் அறிதல் வேண்டும். மரக்கிடங்கின் அருகே நின்ற வீடும், சர்க்கரை காய்ச்சும் ஆலையை ஒட்டிய வீடும், தோட்டத்தின் நடுவே தனித்து நின்ற வீட்டைப்போலக் கருதத் தக்கனவல்ல. 1782ஆம் ஆண்டில் சர்க்கரை ஆலைக்காரர் தோற்றுவித்த பீனிக்சு என்னும் தீக்காப்புச் சங்கம் இவற்றுள் ஒன்று. அதன் பெயர் ஹார்வுடின் வரலாற்றில் மீண்டும் வரும்.

1790ஆம் ஆண்டை ஒட்டி ஹார்வுடு தம் பணியைத் தொடங்கினார். நகரம் முழுவதையும் ஒரு மைலுக்கு 26 அங்குலம் என்னும் அளவில் வரைவது, ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே காட்டுவது, ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணையும் பொறிப்பது என்பன அவர் வகுத்துக்கொண்ட திட்டம். செலவுக்கு அவர் கையில் பணம் இல்லை. ஆதலின் அக்கால வழக்கப்படி கையொப்பக்காரரை நாடினார். நூலோ படமோ வெளிவருமுன்னே அதனை வாங்குவதாகக் கையொப்பம் இட்டு உதவுவோரே கையொப்பக்காரர் எனப்பட்டனர். ஓரிரண்டு ஆண்டுகளில் வேலை முடிந்துவிடும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கையே அவருடைய துன்பங்களுக்கெல்லாம் வித்தாயிற்று.

அவர் ஏற்ற வேலையின் அளவைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். ஒரு மைலுக்கு 26 அங்குலம் என்றால், படத்தில் ஓர் அங்குலம் தரையில் ஏறத்தாழ 203 அடியைக் குறிக்கும். அந்நகரத்தில் 20 அடி முகப்புடைய வீடுகள் பல. அத்தகைய வீடு படத்தில் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு இடமே பெறும். அதற்குள் சுவரும் வேண்டும், எண்ணும் வேண்டும், பின்புறக் கொல்லையும் வேண்டும். ஒரு வீட்டில் இரண்டடி பிழைபட்டால் ஒன்றும் தெரியாது. ஒரு தெருவில் உள்ள 50 வீடுகளிலும் அவ்வாறு பிழைபட்டால் 100 அடி மிகும்; தெருவின் கோடி அடுத்த தெருவிற்குள் புகுந்துவிடும்.

அளப்பதற்கு அக்காலத்தார் கொண்ட கருவிகள் மிகச் சிலவே. 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடைய இரும்புச் சங்கிலி ஒன்று, தெருக்கள் கூடுமிடத்தில் கோணத்தைக் காணும் கருவி ஒன்று, குறிப்பேடு ஒன்று. சங்கிலியை ஒருவர் பின்னின்று பற்ற, மற்றொருவர் முன்னே இழுத்துச் செல்வர். பன்முறை இழுத்தால் கண்ணிகள் விரிந்து சங்கிலி நீளும். ஆதலின் அதனை அடிக்கடி சரிபார்த்தல் வேண்டும். வயல்வெளியில் இவ்வேலை எளிது. வண்டிகளும் குதிரைகளும் சுமைகாரரும் இடைவிடாது இயங்கும் நகரத் தெருவில் இதனைச் செய்வது எத்துணை அரிது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. நகரத்தின் ஏறத்தாழ எல்லாக் கோடுகளையும் தாமே அளந்ததாகவும், கோணங்களையெல்லாம் தாமே எடுத்ததாகவும் ஹார்வுடு பின்னாளில் தெரிவித்தார். அளந்தவற்றை வீட்டில் தாளில் ஏற்றியபின், அவற்றைத் தரையோடு மீண்டும் ஒப்பிட்டும் பார்த்தார்.

பெருந்தெருக்களை அளப்பதோடு அவர் நின்றிருக்கலாம். கையொப்பம் இட்ட செல்வர் பலர் வாழ்ந்தது அங்கேதான். மேற்கே குரோவ்னர் சதுக்கத்தைச் சூழ்ந்த மாளிகைகளை அழகுற வரைந்துவிட்டு, கிழக்கே வாப்பிங் கரையிலும், செயின்டு கைல்சு பகுதியிலும் நெருங்கிக் கிடந்த ஏழையர் குடில்களை ரோக் செய்தவாறே புள்ளியிட்டு நிரப்பியிருந்தால், குறை கூறுவார் மிகச் சிலரே. அங்கு வாழ்ந்தோருள் அப்படத்தை விலை கொடுத்து வாங்கக்கூடியவர் ஒருவரும் இரார். ஆனால் ஹார்வுடு ஒவ்வொரு வீடு என்று சொல்லிவிட்டார். சொல்லியபடியே, மாளிகையை அளந்த சங்கிலியைக் கொண்டே சந்துகளுக்குள்ளும் நுழைந்தார். சாராயம் வடிக்கும் ஆலை, மரக்கிடங்கு, இடுகாடு, தொழுமிடம், சிறை ஆகிய எல்லாம் அப்படத்தில் தத்தம் இடத்தைப் பெற்றுள்ளன. இலெடன்ஃகால் தெருவில், சென்னைப் பட்டினத்தையும் வங்காளத்தையும் ஆண்ட கிழக்கிந்தியக் கும்பினியாரின் தலைமை அலுவலகமும் இருக்கிறது. தாளில் அது கையகலமும் இல்லை.

வரைந்த படம் மக்கள் கைக்குச் செல்வதற்குமுன் செப்புத் தகட்டில் ஏறவேண்டும். இக்காலத்தில் ஒரு படத்தைப் பல்லாயிரம் படிகளாக எடுத்தல் நொடிப்பொழுதின் வேலை. அக்காலத்தில் அது தனிப் பெருங்கலையாக இருந்தது. மெழுகு பூசிய தகட்டின்மேல் படம் முதலில் இடவலம் மாறிப் பதிக்கப்படும். பின்னர்ச் செதுக்குவோர் எஃகுச் சிற்றுளியைக் கொண்டு ஒவ்வொரு கோட்டையும் கீறுவார். தெருப்பெயர்களையும் வீட்டெண்களையும், கண்ணாடியில் தோன்றும் எழுத்தைப்போல மாற்றியே பொறித்தல் வேண்டும். தகடு முழுவதும் மை பூசித் துடைத்தால், மேற்பரப்பின் மை நீங்கிக் கீறல்களின் பள்ளத்தில் மட்டும் தங்கும். நனைத்த தாளை அதன்மேல் இட்டு, இரண்டு உருளைகளின் இடையே செலுத்தினால், தாள் அப்பள்ளத்து மையை ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு படிக்கும் இவ்வாறே மை பூசவேண்டும், துடைக்கவேண்டும், உருளையில் இடவேண்டும். செம்பின் விலையும், செதுக்குவோரின் கூலியும், நல்ல தாளின் விலையும் சேர்ந்தால் எளியவர் ஒருவர் தாங்கக்கூடிய செலவன்று.

இத்தகைய தகடுகள் 32 தேவைப்பட்டன. முதல் தாள்கள் 1792ஆம் ஆண்டிலே வெளிவந்தன. அந்த ஆண்டிற்குள் முடிந்துவிடும் என்று எண்ணிய வேலை அப்போதுதான் தொடங்கியதுபோல் இருந்தது. மறுவருடம் பிரான்சு நாட்டோடு போர் மூண்டது. விலைவாசி ஏறிற்று. முழுப்படத்தை எதிர்பார்த்துக் கையொப்பம் இட்டவர்கள், ஆண்டுகள் பல கடந்தும் பகுதி பகுதியாகவே தாள்களைப் பெற்றனர். நகரமும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு தெருவை அளந்து முடிப்பதற்குள் மற்றொரு தெரு புதிதாய் முளைத்தது. பொருள் முட்டுப்பாடு மிகுந்த நிலையில் பீனிக்சு சங்கத்தார் கடன் கொடுத்து உதவினர். அந்நன்றியை மறவாது ஹார்வுடு தம் படத்தை அச்சங்கத்தின் தலைவர்களுக்கே உரிமையாக்கினார். கடன் கொடுத்தவர் தம் வாணிகத்திற்குப் பயன்படும் என்று எண்ணிக் கொடுத்திருக்கலாம். எனினும் அக்கடன் இன்றேல் படம் பாதியில் நின்றிருக்கும்.

1799ஆம் ஆண்டில் இறுதித் தாள்கள் வெளிவந்தன. எட்டு எட்டுத் தாள்களாக நான்கு வரிசையில் ஒட்டினால், படம் ஏறத்தாழ 13 அடி அகலமும் 7 அடிக்குமேல் உயரமும் கொள்ளும். அதுகாறும் பிரித்தானியாவில் அச்சான படங்களுள் அதுவே மிகப் பெரியது. நகரின் நடுவே தேம்சு ஆற்றின்மேல் அந்நாளில் இருந்த மூன்று பாலங்களும் அதில் உள்ளன. வீடுகள் வரிசை வரிசையாக, ஒன்றோடொன்று தோள் சேர்த்து நிற்கின்றன. எண்கள் மட்டும் எல்லா வீடுகளிலும் இல்லை. பல தெருக்களில் அவை முற்றும் உள்ளன. வேறு பலவற்றில் வீடு இருக்கிறது, எண் இல்லை. பொறுமை குன்றியதால் நேர்ந்தது என்று இதனைக் கருதுதல் பொருந்தாது. பல சந்துகளில் எண்ணே இடப்படாமல் இருந்த காலம் அது.

ஒன்பது ஆண்டுக் கடும் உழைப்பு அவருக்குச் செல்வத்தைத் தரவில்லை. அத்துணைப் பெரிய படத்தை வைக்கும் சுவர் எத்தனை வீடுகளில் இருக்கும்? விலை கொடுக்க வல்லாரும் சிலரே. ஹார்வுடு இலண்டனை விட்டு, வடமேற்கே கடற்கரையில் உள்ள இலிவர்ப்பூல் நகருக்குச் சென்றார். அட்லாண்டிக்குக் கடல் வாணிகத்தால் விரைந்து வளர்ந்துவந்த துறைமுகம் அது. அவ்வாணிகத்தில் அடிமைகளை ஏற்றிச் செல்லும் கொடுமையும் பெரும்பங்கு கொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. அந்நகரிலும் ஹார்வுடு சங்கிலியைக் கையில் எடுத்தார். இலண்டனில் பட்ட இடர்கள் அவருடைய மனத்தை மாற்றவில்லை. இலிவர்ப்பூலிலும் வீடுதோறும் அளந்தே படம் வரைந்தார். அப்படம் 1803ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் இலண்டனிலுள்ள கலைவளர்ச்சிக் கழகத்திற்கு ஒரு முடங்கல் எழுதி, இலண்டன் படத்தைச் செய்து முடிக்கத் தாம் பட்ட பாட்டை விளக்கினார். வாழ்நாளில் ஒன்பது ஆண்டுகளை அது விழுங்கிவிட்டது என்பது அம்முடங்கலின் கருத்து. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் வறுமை நிலையில் இலிவர்ப்பூலிலேயே காலமானார்.

படத்தின் வரலாறு அவரோடு முடியவில்லை. இலண்டனில் சேரிங் கிராசு என்னும் இடத்தில் வில்லியம் பேடன் என்பவர் நிலப்பட வாணிகம் நடத்திவந்தார். அவர் மூன்றாம் சார்சு மன்னரின் நிலநூலாளர் என்னும் பட்டம் பெற்றவர். இங்கிலாந்து அரசின் நில அளவைத் துறையார் செய்த முதற் படமாகிய கெண்டு நாட்டுப் படத்தை 1801ஆம் ஆண்டில் வெளியிட்டவரும் அவரே. ஹார்வுடுக்கு இல்லாத யாவும் பேடனுக்கு இருந்தன. கடை இருந்தது, கைதேர்ந்த செதுக்குவோர் இருந்தனர், நாள்தோறும் வாங்க வருவோர் இருந்தனர். ஒரு படம் விற்காவிடினும் வேறு நூறு படங்கள் அவருடைய கடையைக் காப்பாற்றும். ஹார்வுடோ தாமே அளந்து, தாமே வெளியிட்டு, ஒரே படத்தின்மேல் தம் வாழ்வு முழுவதையும் வைத்தார். அறிவில் அவர் பேடனுக்குக் குறைந்தவரல்லர்; வாணிகத்தில் தனித்து நின்றதே அவர்தம் குறை.

ஹார்வுடின் செப்புத் தகடுகள் பேடனின் கைக்கு வந்தன. நகரம் மாறுந்தோறும் தகட்டையும் மாற்றலாம் என்பதை அவர் அறிவார். இடிந்த வீட்டை நீக்கவேண்டுமாயின், அவ்விடத்தைச் சுரண்டி, கவராயத்தால் தகட்டின் பின்புறத்தில் குறித்து, அங்கிருந்து சுத்தியால் மெல்லத் தட்டி மேலெழச் செய்து, மெருகிட்டு, புதிய கோடுகளைக் கீறுவர். இவ்வாறு திருத்திய பதிப்புகள் 1807, 1813, 1819ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. ஆற்றின் கிழக்குப் பகுதியில் 1802ஆம் ஆண்டில் மேற்கிந்தியக் கப்பல்துறையும், 1805ஆம் ஆண்டில் இலண்டன் கப்பல்துறையும், 1806ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கப்பல்துறையும் திறக்கப்பட்டன. அவற்றைக் காட்ட வேண்டிப் பேடன் எட்டுத் தாள்களைப் புதிதாகச் சேர்த்து 40 ஆக்கினார். முதற்பதிப்பையும் பின்னைய பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வாப்பிங் பகுதியில் வீடுகள் நெருங்கியிருந்த இடத்தில் கப்பல்கள் நிற்கும் நீர்நிலை தோன்றுவதைக் காணலாம். 1823ஆம் ஆண்டில் பேடன் ஓய்வு பெற்றார். சேம்சு வைல்டு என்பவர் அவ்வாணிகத்தை ஏற்றார்.

அந்நகரின் படத்தொழிலில் பின்னும் பலர் முனைந்தனர். கிரீன்வுடு உடன்பிறந்தார் 1827ஆம் ஆண்டில் ஓர் அழகிய படம் வெளியிட்டனர். ஆயினும் அதன் அளவு ஒரு மைலுக்கு 8 அங்குலமே. கழிவுநீர்க் கால்வாய் அமைக்கும் பொருட்டு அரசு நில அளவைத் துறையார் 1848ஆம் ஆண்டில் இலண்டனை மிகப் பெரிய அளவில் அளக்கத் தொடங்கினர். ஹார்வுடு சங்கிலியோடு தெருவில் இறங்கியபின் அதுகாறும் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றுவிட்டது. துறையினருக்கு அரசின் பொருளும் படைவீரர் துணையும் இருந்தன.

கோபுரக் கோட்டையின் கீழ்ப்பக்கத்தில் செயின்டு கேதரின் என்னும் குறிச்சி இருந்தது. பழைய திருக்கோயில் ஒன்றையும் அதனைச் சார்ந்த அறச்சாலையையும் சூழ்ந்து ஏழையர் பலர் அங்கு வாழ்ந்தனர். 1828ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய கப்பல்துறைக்காக அக்குறிச்சி முழுவதும் அழிக்கப்பட்டது. 1,250 வீடுகள் இடிந்தன; 11,300 பேர் குடிபெயர நேர்ந்தது. அவர்களுள் வீட்டுக்குரியவராக இருந்தோரே ஈடு பெற்றனர். வாடகைக்குக் குடியிருந்தோர் வெறுங்கையோடு சென்றனர். 1985ஆம் ஆண்டில் இலண்டன் நிலவியற் கழகத்தார் 1813ஆம் ஆண்டுப் பதிப்பைத் தெருப்பெயர் அகரவரிசையோடு நூல்வடிவில் மீண்டும் வெளியிட்டனர். பழங்காலக் குடும்பங்களின் இருப்பிடத்தைத் தேடுவோர் அந்நூலைப் புரட்டி, கோட்டைக்குக் கிழக்கே உள்ள பக்கத்தை விரிப்பின், இடிபட்ட அச்சந்துகளும், அவற்றின் இருமருங்கும் நின்ற சிறுவீடுகளும், ஒவ்வொன்றும் தனித்தனியே கோடிட்டுக் காட்டப்பட்டிருத்தலைக் காண்பர்.